வி.எஸ். அச்சுதானந்தன்: முதலமைச்சர் நாற்காலியிலும் சங்கக்காரராக இருந்தவர்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர், சொந்தக் கட்சியே ஓரங்கட்டிய ஆள், முல்லைப் பெரியாறு விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு எதிராக நின்றவர். அப்படிப்பட்ட கேரள முன்னாள் முதலமைச்சர், மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் 2025 ஜூலையில் இறந்தபோது கேரளாவே தெருவில் வந்து நின்றதே, அப்படி என்ன செய்துவிட்டார்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அவர் செய்த காரியங்களைப் பட்டியல் போட்டால் அந்தக் கூட்டத்துக்கு விளக்கம் கிடைக்காது. ஐந்து வருடம் முதலமைச்சராக இருந்தார், அதில் பாதி நாள் சொந்தக் கட்சியோடு சண்டையிலேயே போனது. அவரைவிட நிறையச் சாதித்த முதலமைச்சர்கள் கேரளாவில் உண்டு. வி.எஸ். என்ற மனிதரைப் புரிந்துகொள்ள ஒரே வழிதான் இருக்கிறது: இருபது வயதில் குட்டநாட்டு வயல்களில் விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கட்டப் போனாரே, அந்த வேலையை அவர் கடைசிவரை விடவே இல்லை. எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர், கட்சிச் செயலாளர் என்று பதவிகள் மாறின, வேலை ஒன்றுதான். மக்கள் அவரைக் கொண்டாடியதற்கும் அவர் தோற்ற இடங்களில் தோற்றதற்கும் இதுதான் காரணம் என்பது என் கருத்து. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1923 அக்டோபர் 20, ஆலப்புழைக்குப் பக்கத்தில் புன்னப்ரா. ஈழவக் குடும்பம். நாலு வயதில் அம்மா பெரியம்மையில் போய்விட்டார், பதினோரு வயதில் அப்பாவும் போய்விட்டார். பள்ளிக்கூடம் போகும் வழியில் மேல்சாதிப் பையன்கள் சாதியைச் சொல்லி மறித்து அடித்திருக்கிறார்கள். அழுதுகொண்டு வந்த மகனிடம் அப்பா இடுப்பில் கட்டும் உலோக அரைஞாணைக் கொடுத்து, இனிமேல் வந்தால் இதைக் கழற்றி அடி என்று சொல்லி அனுப்பினார், அவரும் அப்படியே அடித்தார். இதை வி.எஸ். தானே சொல்லியிருக்கிறார். அப்பா இறந்த பிறகு படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. அண்ணனின் தையல் கடையில் கொஞ்ச காலம் கையாளாக இருந்துவிட்டு, ஆலப்புழையில் ஆஸ்பின்வால் என்ற வெள்ளைக்காரக் கம்பெனியின் கயிறு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஆலப்புழை அப்போது எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்துகொள்வது அவசியம். 1859-இல் அங்கே முதல் கயிறு ஆலை வந்தது. தேங்காய் நாரைத் திரித்துப் பாய், தரைவிரிப்பு என்று நெய்து கப்பலேற்றும் கம்பெனிகள் ஊர் முழுக்க. கேரளாவின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கம் 1922-இல் அங்கேதான் வாடப்புறம் பாவா முயற்சியில் உருவானது. 1938-இல் கயிறு ஆலைத் தொழிலாளர்கள் கூலிக்காக மட்டும் இல்லாமல், மக்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சி வேண்டும் என்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு எதிராகவும் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். அதாவது வி.எஸ். வளர்ந்த இடத்தில் சங்கமும் அரசியலும் தனித்தனியாக இல்லை. 1938-இல் ஸ்டேட் காங்கிரஸ், 1940-இல் கம்யூனிஸ்ட் கட்சி. கட்சியில் சேரும்போது அவருக்கு பதினேழு வயதுகூட நிறைந்திருக்காது.

அவரை அடையாளம் கண்டவர் பி. கிருஷ்ண பிள்ளை. கேரளாவில் கட்சியைக் கட்டியவர், எல்லாரும் 'சகாவு' (தோழர்) என்றாலே அவரைத்தான் சொல்வார்கள். ஆலைக்குள் சங்க வேலை செய்துகொண்டிருந்த இந்த ஒல்லிப் பையனை, 1940களின் தொடக்கத்தில், ஆலையை விட்டுவிட்டுக் குட்டநாட்டுக்குப் போகச் சொன்னார். விவசாயக் கூலிகளைத் திரட்டுவதுதான் வேலை.

ஆலையில் சங்கம் கட்டுவது கஷ்டம் என்றாலும் அங்கே ஒரு வாசல் இருக்கிறது, ஷிப்ட் முடிந்தால் எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வருவார்கள், நின்று பேசலாம். குட்டநாட்டில் வாசலே கிடையாது. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற வயல்கள், சுற்றிலும் வெளிவரப்பு, அதைத் தாண்டினால் ஏரியும் ஆறும். காயலையே வரப்புப் போட்டு அடைத்து, மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து காலால் சக்கரம் மிதித்துத் தண்ணீரை இறைத்து, அப்புறம் நெல் போட்டார்கள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் புலையர், பறையர், ஈழவக் குடும்பங்கள். வரப்பு மேட்டில் ஜன்மி, அதாவது நிலத்துக்காரர், அனுமதித்த இடத்தில் குடிசை, எப்போது வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். கூலி நெல்லாக அளந்து கொடுக்கப்படும், அளக்கிற படியும் ஜன்மியுடையதுதான். முதலாளியை 'தம்புரான்' என்று கூப்பிட வேண்டும், நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்துப் பேசக் கூடாது.

இங்கே ஒரு குடிசையிலிருந்து இன்னொரு குடிசைக்கு வள்ளத்தில்தான் போக முடியும். பகலில் எல்லாரும் வயலில் இருப்பார்கள், மேற்பார்வை பார்க்கிற ஆளின் கண் முன்னால் யாரும் பேச மாட்டார்கள், அதனால் இரவில்தான் கூட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், நாள் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் வாக்கியத்தை நீட்டி நீட்டி, ஒரே விஷயத்தை இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்லி, நடுவில் நிறுத்தி, புரிந்ததா என்று முகத்தைப் பார்த்துவிட்டு மேலே போக வேண்டும். பிற்காலத்தில் மிமிக்ரி கலைஞர்கள் எல்லாரும் செய்து காட்டிய அந்த வி.எஸ். பேச்சு, சொல்லின் கடைசி எழுத்தை இழுத்துப் பிடித்து மறுபடி அதே சொல்லுக்கு வருவது, குட்டநாட்டில் கற்றுக்கொண்டது என்றுதான் அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். கோரிக்கைகள் மிக எளிமையானவை: கூலியைக் கூட்டு, வேலை நேரத்துக்கு வரம்பு வை, அளவில் ஏமாற்றாதே. ஆனால் 'தம்புரானே' என்று குனிந்து நின்ற ஆள் நிமிர்ந்து நின்று இதைக் கேட்டதே அந்த ஊரில் பெரிய புரட்சி.

1946-க்கு வருவோம். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், சமஸ்தானத்தில் மன்னரும் திவானும் அதிகாரத்தில் தொடரும்படியான ஒரு அரசமைப்பைக் கொண்டுவரப் பார்த்தார். அமெரிக்க மாதிரி என்று அதற்குப் பெயர். 'அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்' என்பது ஆலப்புழைத் தொழிலாளர்களின் கோஷம். அக்டோபர் 24-இல் புன்னப்ரா போலீஸ் முகாமில் மோதல், 27-இல் வயலாரில் துப்பாக்கிச்சூடு, ஏராளமான தொழிலாளர்கள் செத்தார்கள். வி.எஸ். அந்தச் சண்டை நடந்த இடத்தில் இல்லை. ஆட்களைத் திரட்டியதில் பங்கு உண்டு, ஆனால் கட்சி சொல்லித் தலைமறைவாகக் கிழக்கே மலைப்பக்கம் போயிருந்தார். அதை வைத்து அவருடைய பங்கைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இன்றும் உண்டு.

ஆனால் பூஞ்ஞாறில் பிடிபட்ட பிறகு நடந்ததை யாரும் மறுத்ததில்லை. பாலா போலீஸ் லாக்கப்பில், கால்கள் இரண்டையும் கம்பிக்கு வெளியே இழுத்து, லத்தியை வைத்துக் கட்டி, உள்ளங்காலில் அடித்தார்கள். மற்ற தலைவர்கள் எங்கே என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. கடைசியில் துப்பாக்கிமுனைக் கத்தியை உள்ளங்காலில் இறக்கினார்கள், அது மறுபக்கம் வந்தது. நினைவு தப்பிய ஆளைச் செத்துவிட்டான் என்று முடிவு செய்து, காட்டில் போட்டுவிட எடுத்துப்போனார்கள். உடலைத் தூக்குவதற்காக லாக்கப்பிலிருந்த கோலப்பன் என்ற திருடனைக் கூட்டிப்போனார்கள். அவன்தான் மூச்சு இருப்பதைப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வைத்தான். அந்தத் தழும்பு கடைசிவரை அவர் காலில் இருந்தது. மொத்தத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் சிறை, நாலரை வருடம் தலைமறைவு.

இனி நம் பக்கத்துச் சங்கதி ஒன்று. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு மெல்லிய பெரும்பான்மைதான், ஒவ்வொரு இடமும் முக்கியம். வாக்காளர்களில் பெரும்பகுதி மூணாறு தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்கள். ரோசம்மா புன்னூஸ் வேட்பாளர். அந்தத் தேர்தல் பொறுப்பைக் கட்சி ஒப்படைத்தது வி.எஸ்ஸிடம். மலையாளப் பேச்சாளர்கள் போனால் வேலைக்கு ஆகாது என்று தமிழில் பாடி வாக்குச் சேகரித்தவர் பாவலர் வரதராஜன். அவருடைய தம்பிதான் பின்னாளில் இளையராஜா ஆனவர். ரோசம்மா ஜெயித்தார். மூணாறு என்ற ஊர் வி.எஸ். வாழ்க்கையில் இன்னும் இரண்டு முறை வரும், இதை நினைவில் வையுங்கள்.

1964-இல் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியை உருவாக்கினார்கள் இல்லையா, அதில் இவரும் ஒருவர். அதற்கு முன்னால் சீன யுத்த காலத்தில் சிறையில் இருந்தபோது, நம் ராணுவ வீரர்களுக்கு ரத்த தானம் செய்ய வேண்டும் என்று சொன்னார். கட்சி அதை ஏற்கவில்லை, நடவடிக்கை எடுத்தது. கட்சிக் கட்டுப்பாடு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த அதே மனிதர், தனக்குச் சரி என்று பட்டதில் கட்சி சொன்னாலும் கேட்கமாட்டார். இந்த இரட்டைச் சுபாவம் அப்போதே இருந்தது.

தேர்தல் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1965-இல் அம்பலப்புழையில் தோல்வி, 1967-லும் 1970-லும் அதே இடத்தில் வெற்றி, 1977-இல் தோல்வி. 1980 முதல் 1992 வரை மாநிலச் செயலாளர். இதைவிட முக்கியம் 1969 டிசம்பரில் ஆலப்புழை அரவுக்காட்டில் நடந்த மாநாடு. நிலச்சீர்திருத்தச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியாகிவிட்டது, ஆனால் அமலாக்கம் இழுபறி. 1970 ஜனவரி 1 முதல் குடிசைவாசிகள் தங்கள் குடிசையைச் சுற்றியுள்ள 10 சென்ட்டைத் தாங்களே வேலி போட்டு எடுத்துக்கொள்வார்கள் என்று அந்த மாநாடு அறிவித்தது. எடுத்துக்கொண்டார்கள். இதைக் 'குடிகிடப்பு' உரிமை என்பார்கள். எந்த நேரமும் இறக்கிவிடப்படலாம் என்று ஜன்மியின் வரப்பில் வாழ்ந்தவனுக்குச் சொந்தமாகப் பத்து சென்ட், நாலு தென்னை. அந்தப் போராட்டத்தின் முன்னணியில் வி.எஸ். இருந்தார். 2025 ஜூலையில் ஆலப்புழைச் சாலையோரம் நின்ற முதியவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பத்து சென்ட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதுவே.

மாநிலச் செயலாளராக இருந்த பன்னிரண்டு வருடம் அவரை யாரும் நேசித்ததாகச் சொல்ல முடியாது. சிரிக்காத முகம், கறாரான நிர்வாகம். எம்.வி. ராகவனைப் போன்ற பெரிய தலைவரைக் கட்சியிலிருந்து வெளியேற்றியது இவர் செயலாளராக இருந்தபோதுதான். 1996-இல் கட்சியின் இடதுசாரிக் கூட்டணி ஜெயித்தது, ஆனால் முதலமைச்சர் ஆகக்கூடும் என்று பேசப்பட்ட இவர் மட்டும், தன் கோட்டையான மாராரிக்குளத்தில் 1,965 வாக்கில் தோற்றார். உள்ளடி வேலை நடந்தது என்று கட்சியே பிறகு சிலர் மீது நடவடிக்கை எடுத்தது. நாயனார் முதலமைச்சரானார்.

தோற்ற மனிதர் அடுத்த வருடமே செய்தது 'வெட்டிநிரத்தல்'. நெல் வயலை மூடி வாழையும் தென்னையும் மரவள்ளியும் போட்டவர்களின் நிலத்தில், விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் இறங்கி அந்தப் பயிரை வெட்டிச் சாய்த்தார்கள். நாடே கொதித்தது. வளர்ந்த பயிரை வெட்டுவதா என்று பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன, கட்சிக்குக் கெட்ட பெயர். முறை தவறு என்றுதான் நானும் சொல்வேன். அந்த நிலம் வைத்திருந்தவர்களில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் ஆட்களும் இருந்தார்கள், நெல்லில் நஷ்டம் வந்து மாறியவர்கள். ஆனால் அவர் கவலை எதைப் பற்றி என்று பாருங்கள். 1970களின் நடுவில் கேரளாவில் நெல் வயல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர். 2007-08 வாக்கில் 2.3 லட்சத்துக்கு வந்துவிட்டது. வயல் போனால் வயல் வேலை போகும், தண்ணீர் தங்கும் இடம் போகும். 1997-இல் வெட்டுக்கத்தியோடு சொன்னதை 2008-இல் முதலமைச்சராக இருந்துகொண்டு சட்டமாக்கினார்: நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம். அதில் பின்னால் எத்தனையோ ஓட்டை போட்டுவிட்டார்கள். இருந்தாலும் கேரளாவில் இன்று ஒரு வயலை மண் போட்டு மூடப் போகிறவன் ஒரு நிமிடம் யோசிக்கிறான் என்றால் அந்தச் சட்டத்தால்தான்.

2001-இல் மலம்புழாவில் வெறும் 4,703 வாக்கில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானார். வயது 77. அப்புறம் நடந்தது கேரள அரசியலில் அதற்கு முன் பார்க்காத ஒன்று. மதிகெட்டான் சோலைக் காட்டை ஆக்கிரமிக்கிறார்கள் என்று செய்தி வந்தால், அறிக்கை விடாமல் மலை ஏறிப் போய்ப் பார்த்தார். பிளாச்சிமடாவில் கோக் ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஆதிவாசிகள் போராடினால் அங்கே போய் நின்றார். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் வழக்குகளில், செல்வாக்கானவர்கள் தப்பிக்கிறார்கள் என்றால், வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார். இடமலையாறு அணைத் திட்ட ஊழல் வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோய், 2011 பிப்ரவரியில் முன்னாள் அமைச்சர் ஆர். பாலகிருஷ்ண பிள்ளைக்கு ஒரு வருடச் சிறை வாங்கிக் கொடுத்தார்.

இதெல்லாம் குட்டநாட்டு முறைதான். இடத்துக்குப் போ, கண்ணால் பார், பாதிக்கப்பட்டவன் பக்கத்தில் உட்கார், கோரிக்கையைச் சின்னதாகவும் தெளிவாகவும் வை, கிடைக்கும்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொல். கட்சிக்காரர் என்ற எல்லையைத் தாண்டி, எந்தக் கட்சியிலும் இல்லாத பெண்கள், மாணவர்கள், சுற்றுச்சூழல்காரர்கள், கட்டற்ற மென்பொருள் ஆட்கள்வரை அவரை 'நம் ஆள்' என்று நினைக்க ஆரம்பித்தார்கள். முறைத்த முகத்தோடு இருந்த செயலாளர் எழுபத்தேழு வயதுக்கு மேல் மக்கள் தலைவரானார்.

2006-இல் கட்சி அவருக்கு முதலில் சீட்டே கொடுக்கவில்லை. ஊர் ஊராக ஊர்வலம், சுவரொட்டி. கட்சி இறங்கி வந்தது. 140-இல் 98 இடம். மே 18 அன்று, 82 வயதில் முதலமைச்சர். ஆனால் போலீஸ் துறை அவரிடம் இல்லை, கோடியேரி பாலகிருஷ்ணனிடம் கொடுத்தார்கள். ஆரம்பத்திலேயே கையைக் கட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

2007-இல் மூணாறு. அரசு நிலத்தை வளைத்துக் கட்டிய ரிசார்ட்டுகளை இடிக்க மூன்று அதிகாரிகளை அனுப்பினார்: சுரேஷ்குமார், ரிஷிராஜ் சிங், ராஜு நாராயணசாமி. புல்டோசர்கள் மலையேறின, கேரளா முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தது. கூட்டணிக் கட்சியான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்தைத் தொட்டதும் கூட்டணியே எதிர்த்தது, சொந்தக் கட்சியின் இடுக்கித் தலைவர்களும் எதிர்த்தார்கள், சில வாரங்களில் எல்லாம் அடங்கிப்போனது. அவர் தோற்ற விதத்தை இங்கே கவனிக்க வேண்டும். ஆக்கிரமிப்பு என்றால் அதில் ரிசார்ட் முதலாளியும் இருப்பான், இரண்டு தலைமுறைக்கு முன் குடியேறிய ஏழை விவசாயியும் இருப்பான். இருவரையும் பிரித்து, கட்சிக்குள் பேசி, கூட்டணியில் ஒப்புக்கொள்ள வைத்து, அப்புறம் இயந்திரத்தை அனுப்புவது ஆட்சி நடத்துகிறவரின் வேலை. அவருக்கு அது வரவில்லை. கோரிக்கை வைத்துப் போராடுவது அவருக்குக் கைவந்த கலை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் யாரிடமோ கோரிக்கை வைக்கிறவர் மாதிரியே நடந்துகொண்டார்.

அதே வருடம் அவரையும் மாநிலச் செயலாளர் பினராயி விஜயனையும், பகிரங்கமாக மோதிக்கொண்டதற்காக, கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவிலிருந்து கட்சி இடைநீக்கம் செய்தது. பிறகு இருவரையும் திரும்ப எடுத்தார்கள். லாவலின் என்ற நீர்மின் ஒப்பந்த ஊழல் வழக்கில் பினராயி பக்கம் கட்சி நின்றபோது இவர் ஒத்துப்போகவில்லை. 2009 ஜூலையில் பொலிட்பீரோவிலிருந்து நீக்கப்பட்டார். முதலமைச்சராக இருக்கும்போதே! அந்த வழக்கில் பினராயியை 2013-இல் மத்தியப் புலனாய்வுத் துறை (CBI) வழக்குகளுக்கான நீதிமன்றம் விடுவித்தது, 2017-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்கக் கதை ஆகிவிடும். இந்தச் சண்டைக்குக் கொள்கை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. கோஷ்டி அரசியலை வி.எஸ். யாரையும்விட நன்றாகச் செய்தவர்.

இத்தனைக்குப் பிறகும் 2011-இல் அவர் முகத்தைக் காட்டிப் பிரச்சாரம் செய்த கூட்டணி 68 இடம் வாங்கியது, எதிரணி 72. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்சியைத் தூக்கியெறிந்துகொண்டிருந்த மாநிலத்தில் நூலிழைத் தோல்வி.

2012 மே 4-இல், கட்சியை விட்டுப் பிரிந்து ஒஞ்சியத்தில் தனிக்கட்சி நடத்திய டி.பி. சந்திரசேகரன் 51 வெட்டுக் காயங்களோடு கொல்லப்பட்டார். மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் மீது பழி, பின்னால் உள்ளூர் நிர்வாகிகள் தண்டிக்கப்பட்டார்கள். அடுத்த மாதம் நெய்யாற்றின்கரா இடைத்தேர்தலின் வாக்குப்பதிவு நாளன்று வி.எஸ். சந்திரசேகரன் வீட்டுக்குப் போனார். மனைவி ரெமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. தேர்தல் நாளில் போனது கட்சிக்குச் செய்த துரோகம் என்று கட்சியில் பலர் இன்றும் சொல்கிறார்கள். செத்தவர் ஒரு காலத்தில் தன்னோடு நின்ற தோழர், வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதற்கு நாள் பார்க்க வேண்டுமா? எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை.

2015-இல் ஆலப்புழை மாநில மாநாட்டுக்கு முன்னால், கட்சி விரோத மனநிலை கொண்டவர் என்று கட்சிச் செயலகம் தீர்மானம் போட்டது. சொந்த ஊரில் நடந்த அந்த மாநாட்டிலிருந்து அவர் பாதியில் எழுந்து போனார். 1964-இல் கட்சியை உண்டாக்கிய 32 பேரில் அப்போது உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலர், அவர்களில் ஒருவருக்குக் கிடைத்த மரியாதை இது. அப்படியும் கட்சியை விட்டு வெளியேறவில்லை. 2016-இல் 92 வயதில் மாநிலம் முழுக்கப் பேசினார், கூட்டணி 91 இடம் ஜெயித்தது, பினராயி முதலமைச்சர் ஆனார். கேரளாவின் பிடல் காஸ்ட்ரோ என்று கட்சிப் பொதுச் செயலாளர் யெச்சூரி இவரைப் பாராட்டினார், பிறகு நிர்வாகச் சீர்திருத்த ஆணையத் தலைவர் பதவி கொடுத்தார்கள்.

சரி, முல்லைப் பெரியாறு. இதைச் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்குத் தண்ணீர் தேக்கலாம் என்றது. அதைத் தடுக்க நீர்ப்பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியது முந்தைய ஆட்சி, ஆனால் ஐந்து வருடமும் அந்தச் சட்டத்தைத் தாங்கிப் பிடித்து நீதிமன்றத்தில் வாதாடியது வி.எஸ். அரசு. 2006 நவம்பரில் டெல்லியில் கருணாநிதியும் அவரும் உட்கார்ந்து பேசினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. புதிய அணை வேண்டும் என்பதில் அவர் ஒரு அங்குலம் நகரவில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. அணைக்குக் கீழே வாழும் இடுக்கி மக்களின் பயம் பொய் இல்லை, எந்தக் கேரளத் தலைவரும் வேறு மாதிரிப் பேசியிருக்க முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் இவரிடம் எனக்கு வருத்தம் அதிகம். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தத் தண்ணீரில் நாற்று நடுகிறவர்களும் குட்டநாட்டில் அவர் திரட்டிய அதே விவசாயக் கூலிகள்தானே. தேனியிலிருந்து ராமநாதபுரம்வரை அந்த நீரை நம்பி நிற்கிற கூலிக்காரனின் பயத்தையும் வேறு யார் பேசாவிட்டாலும் வி.எஸ். பேசியிருக்க வேண்டும். அவர் பேசவில்லை. சங்கக்காரர் மாநில எல்லையில் நின்றுவிட்டார்.

எல்லையைத் தாண்டிய ஒரு தருணமும் உண்டு, நம் ஊரில் பலருக்கு அது தெரியாது. 2015 செப்டம்பர், மறுபடி மூணாறு. கண்ணன் தேவன் தோட்டத்தில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். நாள் கூலி 232 ரூபாய். கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று பெயர். நாங்கள் கொழுந்துக் கூடை சுமக்கிறோம், நீங்கள் பணப்பெட்டி சுமக்கிறீர்கள் என்கிற அர்த்தத்தில் சங்கத் தலைவர்களைப் பார்த்துத் தமிழில் கோஷம் போட்டார்கள். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., மார்க்சிஸ்ட் கட்சியின் சி.ஐ.டி.யு. எந்தச் சங்கமும் பக்கத்தில் வரக்கூடாது. வந்த அரசியல்வாதிகளை விரட்டினார்கள், மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. உட்பட.

வி.எஸ். அங்கே போனார். வயது 91. விரட்டாமல், கைதட்டி உட்கார இடம் கொடுத்தார்கள். சொந்தக் கட்சியின் சங்கத்துக்கு எதிராகப் போராடுகிற பெண்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தீர்வு வரும்வரை நானும் இங்கேதான் என்றார். அந்தப் பெண்களில் பலருக்கு அவர் மலையாளம் முழுதாகப் புரிந்திருக்காது. அன்று இரவே பேச்சுவார்த்தை முடிந்து, போனஸும் கூடுதல் தொகையும் சேர்த்து 20 சதவீதம் தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பெண்கள் கேட்ட 500 ரூபாய்க் கூலி மட்டும் வரவில்லை, பின்னால் நடந்த பேச்சில் 301-ல் நின்றது. அந்த வருடக் கடைசியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் அந்தப் பெண்கள் தாங்களே நின்று சில இடங்களை ஜெயித்தார்கள்.

2019-இல் பக்கவாதம் வந்த பிறகு அவர் வெளியே வரவில்லை. 2025 ஜூலை 21, திருவனந்தபுரத்தில் காலமானார், வயது 101. அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்தில் உடலை வைத்து ஆலப்புழைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாலு மணி நேரப் பாதை, 22 மணி நேரம் ஆனது. நள்ளிரவிலும் கொட்டுகிற மழையிலும் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்கள், 'கண்ணே கரளே வி.எஸ்ஸே' (கண்ணே, நெஞ்சே, வி.எஸ்ஸே) என்று கத்தினார்கள். கிருஷ்ண பிள்ளையும் புன்னப்ரா-வயலாரில் செத்த தொழிலாளர்களும் அடங்கிய வலிய சுடுகாட்டிலேயே அவருக்கும் எரியூட்டினார்கள்.